தப்புக்கு மேடையும் வேண்டும், கூலியும் வேண்டும்

நோர்வூட்டைக் கடந்து பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினுள் ஓர் அமைச்சரின் வாகனம் நுழையும் நாளில், அவ்வாகனத்துக்கு முன்னே நடப்பவர் யார் என்பதை இம்மலைகளில் வாழும் எவரும் சொல்லுவர். தப்புக்காரர் நடப்பர். வெயிலாயினும் மழையாயினும் பாதையின் இரு மருங்கும் அதிர அவர்கள் அடித்து வருவர். பின்னே பொன்னாடை வரும், மாலை வரும், ஒலிபெருக்கியில் புகழுரை வரும். மண்டபத்தின் வாயிலை அடைந்ததும் தப்பு ஓயும். உள்ளே நாற்காலிகள் நிரம்பும். அடித்தவர்கள் வெளியே மதிலோரம் குந்தியிருப்பர். பொழுது சாயும் வேளையில் யாரோ ஒருவர் வந்து, கசங்கிய தாள்கள் சிலவற்றை மூத்தவரின் கையில் திணித்து, ஒரு போத்தலையும் கொடுத்துவிட்டுப் போவார். அன்று அவர்கள் மலைக்குப் போகவில்லை. ஆதலால் செக்ரோலில் அன்று அவர்களுக்குப் பேர் இல்லை. பேர் என்றால் ஒரு நாட்கூலி என்பதைத் தோட்டத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கின்றோம். கொடியின் நிறம் பலமுறை மாறியதுண்டு. இவ்வழக்கம் மாறியதை நாம் கண்டதில்லை.

இதனை எழுதத் தூண்டியது வேறொரு நாட்டின் செய்தி. மொரோக்கோ தேசத்தில், அத்லாந்திக் சமுத்திரக் கரையில், எஸ்ஸவீரா என்றொரு சிறிய துறைமுக நகரம் உண்டு. பழைய வரைபடங்களில் அதன் பெயர் மொகதோர். பதினெட்டாம் நூற்றாண்டில் சுல்தான் முகம்மது பின் அப்துல்லா மதில் எழுப்பிக் கட்டுவித்த ஊர் அது. சகாராப் பாலைவனத்தைக் கடந்து வந்த ஒட்டகச் சாத்துகள் பொன்னையும் தீக்கோழி இறகையும் அங்கே இறக்கின. அச்சாத்துகளோடு மனிதரும் வந்தனர். வாங்குவதற்கு வந்தவரல்லர், விற்கப்படுவதற்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்கள். அவர்களின் வழித்தோன்றல்களே இன்று க்னாவா எனப்படுவோர்.

க்னாவா மக்கள் இசுலாத்தைத் தழுவினர். எனினும் பாலைவனத்துக்கு அப்பால் விட்டு வந்த முன்னோரின் தாளத்தை அவர்கள் விடவில்லை. மூன்று நரம்பு கட்டி, ஒட்டகத் தோல் போர்த்த கெம்பிரி என்னும் கருவியும், கிராகெப் என்னும் இரும்புக் கைத்தாளமும் அவர்களுடையவை. அவ்விரும்பின் ஓசை அடிமை விலங்கின் ஓசை என்று அவர்களுள் ஒரு பேச்சு வழங்குகின்றது. நோயுற்றவரையும் மனம் பேதலித்தவரையும் தேற்றுவதற்காக இரவு முழுவதும் அவர்கள் நடத்தும் சடங்குக்கு லைலா என்று பெயர்; இரவு என்பதே அதன் பொருள். எம் கோடாங்கி உடுக்கடித்து விடிய விடியச் செய்யும் காரியத்தை அறிந்தவர்க்கு இது விளங்காத பொருளன்று. அவ்விசையின் தலைவனை அவர்கள் மாலெம் என்பர். எம் முஸ்லிம் சகோதரர்கள் முஅல்லிம் என்கிறார்களே, அச்சொல்லே அது. தமிழில் ஆசான் எனலாம்.

இந்த ஆசான்களுக்கு அந்நாட்டின் மேன்மக்கள் கொடுத்த இடம் யாது? 1932 இல் எகிப்து மன்னர் ஃபுவாத் கெய்ரோ நகரில் அரபு இசை மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஐரோப்பாவிலிருந்து பேலா பார்ட்டோக், ஹிண்டெமித் போன்ற இசை மேதைகளும் வந்திருந்தனர். அம்மாநாட்டில் மொரோக்கோவின் பெயரால் ஒலித்தது அண்டலூசிய மரபின் இசை. அரசவையிலும் பெருங்குடியினர் மாளிகையிலும் வளர்ந்த இசை. அது சிறந்த இசை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் தெருவில் இரும்புத் தாளம் தட்டிக் காசு கேட்டவனின் இசை தேசத்தின் இசையென்று அன்று எண்ணப்படவில்லை. பக்கத்து நாடாகிய அல்ஜீரியாவிலும் இதே கதைதான். ஒரான் நகரத்து ஏழைகளின் ராய்ப் பாட்டை அரசு வானொலி நெடுங்காலம் அண்ட விடவில்லை. 1985 இல்தான் ஒரானில் அதற்கென ஒரு விழா நடந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1994 செப்டெம்பரில், அப்பாட்டின் அன்புக்குரிய பாடகர் ஷெப் ஹஸ்னி அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பாட்டு சாகவில்லை. 2022 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அது ஏறிற்று.

எஸ்ஸவீராவில் 1998 ஆம் ஆண்டு க்னாவா விழா தொடங்கியது. நைலா தாசி என்னும் பெண்மணி அதனை முன்னின்று அமைத்தார். அவ்விழாவும் ஓர் ஊர்வலத்தோடுதான் தொடங்குகின்றது. க்னாவாக் குழுக்கள் நகரின் ஒடுங்கிய வீதிகளினூடாகத் தாளமிட்டுச் செல்லுகின்றன. எமது தப்புக்காரரும் ஊர்வலத்தில்தான் செல்லுகின்றனர். வேற்றுமை யாதெனில், அங்கே ஊர்வலம் போய்ச் சேரும் மேடை அடித்தவருடையது. பொதுச் சதுக்கத்தில் பெருமேடை அமைத்து, கட்டணமின்றி ஊரார் எல்லோரும் கேட்க, ஆசான் நடுவில் அமருகின்றார். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் ஜாஸ் வித்துவான்கள் அவருக்குப் பக்கத்தில், அவருடைய தாளத்துக்குத் தம்மை ஒப்புவித்து வாசிக்கின்றனர். பழைய சடங்குப் பாட்டும் புதிய இளைஞரின் இசையும் ஒரே மேடையில் ஒலிக்கின்றன. இலட்சக்கணக்கானோர் அச்சிறு நகரில் கூடுகின்றனர். 2019 டிசெம்பரில் க்னாவா இசையும் யுனெஸ்கோப் பட்டியலில் இடம் பெற்றது.

இதை ஏன் பொகவந்தலாவையில் இருந்துகொண்டு எழுதுகிறோம் என்று கேட்கலாம். அரபு நாடுகளுக்கும் எமக்கும் உள்ள உறவு தேயிலைப் பெட்டியோடு முடிந்து விட்டதே! ஈராக்கும் லிபியாவும் எமது தேயிலையை வாங்குகின்றன. (மொரோக்கோக்காரர் சீனத்துப் பச்சைத் தேயிலையில் புதினா இட்டுக் குடிப்பவர், எம் கறுப்புத் தேயிலைக்கு அவர்களிடம் மதிப்பில்லை. அது வியாபாரிகளின் கவலை.) பெட்டி போகின்றது, எம் பெண்கள் வீட்டுப் பணிக்காக அந்நாடுகளுக்குப் போகின்றனர். அங்கிருந்து திரும்பி வரவேண்டிய ஒரு பாடமும் உண்டு என்பதே எமது வாதம்.

1823 தொடக்கம் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் சட்டத்தின் கண்ணில் அடிமைகள் அல்லர். எனினும் கங்காணியின் கடன், கடனைத் தீர்க்காது தோட்டம் மாற விடாத துண்டு, அத்துண்டைச் சட்டத்தால் ஒழிப்பதற்கு 1921 வரை எடுத்த காலம் இவற்றை அறிந்தவர், பெயரில் உள்ள வேற்றுமையைப் பெரிதுபடுத்தமாட்டார். கால்நடையாக மன்னாரிலிருந்து மாத்தளை வரை வந்தவர்களோடு தப்பும் வந்தது. வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் மூட்டிய தீயில் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நெடுங்குச்சியும் மறுகையில் தடித்த அடிக்குச்சியுமாக அடிக்கும் கருவி அது. தோட்டத்தில் அதனை முதன்முதலில் வேலைக்கு அமர்த்தியவன் துரை! விடியுமுன்னே லயங்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆட்களைத் திரட்டியது பிரட்டுத் தப்பு. தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் நீராவி இயந்திரத்தைப் பற்றி எழுதினர்; ஒரு நூற்றாண்டுக் காலம் தொழிற்சாலைச் சங்குக்குப் பதிலாக நின்ற அத்தோலைப் பற்றி எத்தனை வரி எழுதினர்?

வேலைக்கு அழைத்த அதே தப்புத்தான் பிறப்புக்கும் திருமணத்துக்கும் மாரியம்மன் தேருக்கும் சாவுக்கும் ஒலித்தது. மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து பௌர்ணமியில் காமன் தகனமாகும் வரை, மதனுக்கு ஓர் அடி, ரதிக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு ஓர் அடி, எமனுக்கு ஓர் அடி என்று பிரித்து அடிக்கும் நுட்பம் ஒரு கலாசாலையில் கற்றதன்று. எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதப்படாமல் தகப்பனின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்த கல்வி அது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று தலை எண்ணிப் பங்கிட்டனர். அப்பங்கீட்டில் கூத்துக் குழுக்களும் பிளந்தன. பாடுவோர் அக்கரையில் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போக, அடிப்போர் இக்கரையில் நின்ற குழுக்கள் எத்தனை என்று கணக்கெடுத்தவர் இலர். மனிதரையே கணக்காக மட்டும் பார்த்தவர்களிடம் கலையின் கணக்கை எதிர்பார்ப்பது பேதைமை.

இனி, எமக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பாளரிடம் வருவோம். இவர்கள் இரு திறத்தினர்.

முதற் திறத்தார் மதிப்புமிக்கவர்கள். ஆசிரியர், அதிபர், எழுதுவினைஞர், எம்மைப்போன்ற சட்டத்தரணிகள். லயத்தில் பிறந்து, படித்து, ஹற்றனிலும் கொழும்பிலும் வீடு கட்டியவர்கள். தப்பென்றால் இவர்களுக்கு முகம் சுளிக்கும். தம் பிள்ளையை வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு அனுப்பி, மிருதங்கத்திலும் வாய்ப்பாட்டிலும் சான்றிதழ் பெறுவதில் இவர்களுக்குள்ள பூரிப்பு எமக்கும் உண்டு. அச்சான்றிதழை நாம் பழிக்கவில்லை. ஆனால் பாடசாலையில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதமே என்றும், நடனம் என்றால் பரதமே என்றும் ஏற்றுக்கொண்டு, பாடசாலையின் மதிலுக்கு அப்பால் ஒலிக்கும் தாளத்துக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்காத கல்வியைத் தமிழ்ப் பண்பாட்டுக் கல்வி என்று இவர்கள் அழைக்கும்போதுதான் எமக்கு ஆத்திரம் வருகின்றது. 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்தில், தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா என்று தமிழர் கொதித்தனர். அக்கொதிப்பு நியாயமானது. அவ்வியக்கம் மொழிக்கு நீதி கேட்டது. பறைக்கும் நீதி கேட்டதாக நாம் அறியோம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செப்பஞ்செய்து, கர்ணன் போரையும் இராவணேசனையும் மேடையேற்றினார். படித்தவர் கூத்துப் பார்க்கக் கூசிய காலத்தில் அது பெருந்தொண்டு. பல்கலைக்கழகத்தின் முதுகுக்குப் பின்னே நிற்கும் ஹந்தானை மலையின் லயங்களிலும் அன்று கூத்து நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு அத்தகைய மேடை கிட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இம்மலைகளிலே முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். 1947 நாடாளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராக அமர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களின் பாடல்களைத் திரட்டினார். அரசியலும் பாட்டும் அவர்களுக்கு இரு வேறு வேலைகளாக இருக்கவில்லை. அவர்களின் படங்களுக்கு மாலையிடும் இன்றைய தலைவர்கள், அவர்கள் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் தப்புக்காரர் மதிலோரம் குந்தியிருப்பரா?

இரண்டாம் திறத்தாரின் வாதம் வேறு. இவர்களை நாம் மதிக்கின்றோம். ஏனெனில் இவர்களுட் பலர் தப்படித்த குடும்பங்களின் பிள்ளைகள். தப்பு என்பது சாதியின் சங்கிலி, பிணத்துக்கு முன்னே எம் பாட்டனை நடக்க வைத்த இழிவு, அதனைத் தீயில் போட வேண்டுமே ஒழிய மேடையில் ஏற்றலாகாது என்கின்றனர். அவர்கள் பட்ட அவமானத்தை நாம் பட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம். இன்ன குடும்பத்தான் அடித்தே ஆகவேண்டும், அழைத்தபோது வந்தே ஆகவேண்டும், கொடுத்ததை வாங்கிப் போகவேண்டும் என்ற நிலை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அடிக்க மறுப்பதே சரி. மறுத்தவருக்குப் பக்கத்தில் நின்று வாதாட நாம் ஆயத்தமாக உள்ளோம்.

எனினும் சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்றைப் பிரித்துக் காட்ட விரும்புகின்றோம். கட்டாயம் வேறு, கலை வேறு. ஒருவன் கட்டாயத்தால் உழுத நிலம், கட்டாயம் நீங்கியபின் அவனுக்கே சொந்தமாக வேண்டும் என்றுதான் உழவர் இயக்கங்கள் கேட்டன. நிலத்தை உப்பிட்டு அழிக்க வேண்டும் என்று கேட்டதில்லை. உழைப்பினால் விளைந்தது உழைத்தவனுக்கு. தப்பின் நூறு தாளமும் அவ்வாறு விளைந்ததே. தமிழ்நாட்டில் இவ்வழக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு முன்னரே எழுந்தது. சாவுக்குப் பறையடிக்க மறுத்த அதே மக்கள், 1990களில் தலித் கலைவிழாக்களில் தம் விருப்பத்தால் பறையெடுத்து அடித்தனர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை ஏந்தினர். 2025 இல் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மாலெம் என்றோம், ஆசான் என்றோம்; இரு நாட்டிலும் சொல் ஒன்றாகவே அமைந்தது. எஸ்ஸவீராவிலும் ஆண்களின் கையிலிருந்த கெம்பிரியை 2017 இல் அஸ்மா ஹம்ஸாவி என்னும் இளம்பெண் மேடையில் எடுத்து வாசித்தார். கொழுந்து பறிக்கும் கைகளுட் பெரும்பாலானவை பெண்களின் கைகளாயிருக்கும் இம்மலைகளில், தப்பு மட்டும் ஆணின் தோளில்தான் தொங்க வேண்டும் என்று விதித்தவர் யார்?

மூன்றாவதாக ஒரு கூட்டம் வருகின்றது. இவர்கள் எதிர்ப்பாளர் அல்லர். தப்பின் புதிய நண்பர்கள். சுற்றுலா விடுதிக்காரர், விளம்பரக்காரர், படப்பிடிப்புக்காரர். பங்களாவின் புல்வெளியில் வெள்ளைக்கார விருந்தினர் தேநீர் அருந்தும்போது பின்னணிக்கு நான்கு தப்பு. ஒலிப்பதிவு செய்வர், படம் எடுப்பர், உலகெங்கும் காட்டுவர். அடித்தவரின் பெயர் எங்கும் வராது. பெயரின்றிப் படத்தில் நிற்பது எம் மக்களுக்குப் புதிதன்று. பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் 1879 முதல் துயில் கொள்ளுகின்றார். அவருடைய கல்லறையைத் தேடி மேல்நாட்டார் வருகின்றனர். இங்கிலாந்தில் அவர் பிடித்த படங்களில் உள்ள கவிஞர் பெயரையும் அறிஞர் பெயரையும் உலகம் அறியும். இலங்கையில் அவர் பிடித்த படங்களில் நிற்கும் தமிழ் உழைப்பாளர் பெரும்பாலும் பெயரற்றவரே.

இக்கூட்டத்துக்குச் சட்டம் ஒன்று உண்டு. அதனை வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகின்றோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கத்துக்காக, அவற்றின் மரபான சூழலுக்கு வெளியே எடுத்தாளுவதை அனுமதியின்றிச் செய்யலாகாது என்கின்றது. நல்லது. அனுமதி கொடுப்பவர் யார்? அடித்தவரா, அவருடைய தோட்டமா, அவருடைய சமூகமா? இல்லை, அமைச்சர் குறித்துரைக்கும் அதிகாரி. கட்டணம் யாருக்கு? பண்பாட்டு அபிவிருத்திக்கு! இதனைவிட வெளிப்படையாக ஒரு பொருளை ஒருவனிடமிருந்து எடுத்து இன்னொருவனிடம் கொடுக்க முடியுமா? தப்புக்குத் தோல் தேடியவன், காய்ச்சியவன், தாளத்தைக் காத்தவன் இவர்கள் எவருக்கும் அப்பிரிவில் ஆசனமில்லை. மரபுரிமை பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கையை இலங்கை 2008 இல் ஏற்றது. அவ்வுடன்படிக்கை, கலையைக் காக்கும் சமூகங்களையே முன்னிறுத்தி, காக்கும் பணியில் அவர்களை இயன்ற அளவு பங்குகொள்ளச் செய்யுமாறு அரசுகளைக் கேட்கின்றது. இலங்கையின் பொம்மலாட்டம் 2018 இலும், தும்பறைப் பாய் நெசவு 2021 இலும் பட்டியலேறின. மகிழ்ச்சி. தும்பறையின் பாய்க்குக் கிடைத்தது காமன் கூத்துக்கும் கிடைக்கலாகாதா? அதனைக் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டிய கல்வியாளர்களும் அமைச்சுப் பதவிகளை அனுபவித்தவர்களும் எங்கே உறங்கினர்?

எஸ்ஸவீராவைச் சொர்க்கம் என்று சொல்ல வந்தோமில்லை. விழா வந்தபின் விடுதிகள் பெருகின, கடைகள் பெருகின. காசெல்லாம் கெம்பிரிக்காரரின் வீட்டுக்கே போயிற்று என்று எவரும் சாதிக்க முடியாது. இரவு முழுவதும் நடக்க வேண்டிய சடங்கை ஒன்றரை மணிக் கச்சேரியாக நறுக்குவது முறையா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. அரண்மனைக்கு அணுக்கமானவர்களின் ஆதரவு இல்லாமல் அவ்விழா இவ்வளவு வளர்ந்திராது என்பதும் மெய்யே. இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தாலும் மீதி ஒன்று நிற்கின்றது. அந்நகரில் கெம்பிரி ஏந்திய இளைஞன் தலை குனிந்து நடப்பதில்லை. அவன் தொழிலின் பெயர் வசையாக வழங்குவதில்லை. இங்கோ, ஓர் இளைஞனைப் பார்த்துத் தப்புக்காரன் மகன் என்று சொன்னால் அது இன்றும் வசைதான்.

யாழ்ப்பாணத்தில் 2011 மார்ச்சில், நோர்வேயின் உதவியோடு, நாட்டார் இசை விழா நடந்தது. 2013 இலும் நடந்தது. சென்னையில் 2007 இல் தொடங்கிய சங்கமம் விழா, கிராமத்துக் கலைஞரைப் பூங்காவிலும் வீதியிலும் ஆட வைத்தது. இடையில் நின்று, 2023 இல் மீண்டும் எழுந்தது. ஆக, நகரங்கள் இதனைச் செய்ய முடியும். மலையகத்தின் இருநூறாவது ஆண்டில் நாம் செய்தது என்ன? 2023 யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோரின் பாதையை உடலால் உணர்ந்த அந்நடைக்கு நாம் தலை வணங்குகின்றோம். அவ்வாண்டு நவம்பரில் கொழும்பு சுகததாச உள்ளரங்கில் நாம் 200 என்று ஒரு பெருவிழா. ஜனாதிபதி வந்தார், இந்திய நிதியமைச்சர் வந்தார். விழாவைக் கொழும்பில் வைத்தால் தலைவர்களுக்குப் பயணம் சுலபம். உழைப்பவருக்கோ, பஸ் ஏறி ஒரு பேரை இழந்து, நகரத்துக்குப் போய்த் தம்மைத் தாமே பார்த்து வரவேண்டிய நிலை. நாட்கூலி ஆயிரம் ரூபா ஆவதற்கே 2021 மார்ச் வரை காத்திருந்த மக்கள், ஒரு நாளை எளிதாகத் தூக்கி எறிவார்களா?

ஆதலின் விழா இங்கே வேண்டும். மாசி மாதத்தில், காமன் காலத்தில், பொகவந்தலாவையில் வேண்டும். இடம் எங்கே என்று கேட்பர். இதிலேதான் உண்மையான சிக்கல் இருக்கின்றது. காமன் கம்பம் ஊன்றும் பொட்டல் தோட்டத்து நிலம். அரசு 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்களை எடுத்தது. 1992 இல் முகாமையைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் மாறிய ஒவ்வொரு முறையும், அப்பொட்டலில் தலைமுறை தலைமுறையாகக் கம்பம் ஊன்றியவர் புதிய துரையிடம் புதிதாகத் தலையைச் சொறிந்து அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்கே போராடும் மக்களுக்குக் கூத்தாடும் பொட்டல் மட்டும் எப்படிச் சொந்தமாகும்? எமது கோரிக்கை இதுவே: ஒவ்வொரு தோட்டத்திலும் வழக்கமாகக் காமன் ஊன்றும் பொட்டலையும் அதற்குச் செல்லும் வழியையும் அளந்து, குத்தகையிலிருந்து பிரித்து, பொது நிலமாகப் பதிய வேண்டும். விழாவைப் பற்றிய பேச்சு நிலத்தைப் பற்றிய பேச்சில் வந்து முடிவதைக் கண்டு சிலர் திடுக்கிடலாம். இம்மலைகளில் எந்தப் பேச்சு அங்கே வந்து முடியவில்லை?

பெருமேடைக்கு நோர்வூட் மைதானம் இருக்கின்றது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி பேசுவதற்கு அது ஆயத்தமாயிற்று. ஒரு பிரதமரின் ஒரு மணிப் பேச்சுக்கு ஆயத்தமாகக் கூடிய மைதானம் தப்புக்கு மூன்று நாள் ஆயத்தமாகாதா? 2018 வரை, பிரதேச சபைகள் தோட்டத்து மக்களுக்குச் செலவு செய்யச் சட்டம் இடந்தரவில்லை என்று கையை விரித்தன. அவ்வாண்டுத் திருத்தத்தோடு அச்சாட்டும் ஒழிந்தது. நோர்வூட் பிரதேச சபையும் அவ்வாண்டே பிறந்தது. எனவே நாம் யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் மயக்கம் இல்லை.

விழாக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அடிப்பவரும் ஆடுபவருமாக இருக்க வேண்டும். வேட்டி கட்டிய பிரமுகர் மீதியில் அடங்கட்டும். ஒவ்வொரு கலைஞருக்கும் எழுத்தில் ஒப்பந்தம், முற்பணம், ஒத்திகை நாளுக்கும் ஒரு பேர். ஒலிப்பதிவோ படமோ எடுப்பவர் முதலில் குழுவின் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்; அதில் வரும் பணம் அக்குழுவுக்கு. போத்தல் எவரிடமிருந்தும் வரக்கூடாது. அடிப்பவரின் சாதியைக் கேட்கும் வழக்கம் அம்மைதானத்து வாயிலோடு நிற்க வேண்டும். விரும்பும் ஆசிரியர் மகளும் சட்டத்தரணி மகனும் தப்பெடுத்துப் பழகட்டும். அமைச்சர்கள் வரலாம். பொதுமக்களோடு தரையில் அமர்ந்து கேட்கலாம். மாலை மேடையில் உள்ளவருக்கு.

செலவு ஏது என்ற கேள்வி வரும் என்பதை அறிவோம். கந்தப்பொளையிலும் நுவரெலியாவிலும் மரக்கறி பயிரிடும் கமக்காரர்கள், ஊர்த் திருவிழாவுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பவர்கள். அன்னதானத்தை அவர்களிடம் கேட்போம், மறுக்கமாட்டார்கள். மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் மாதம் ஒரு நாள் சம்பளத்தைத் தரவேண்டியதில்லை. ஆண்டில் ஒரு நாட் சம்பளம் தந்தால் போதும். வெளிநாட்டுத் தூதரகத்தின் பணத்தை முதல் ஆண்டில் நாடுவதில்லை என்பது எமது எண்ணம். வருபவர் கேட்பவராக வரட்டும்.

நோர்வூட் பிரதேச சபைக்கான விண்ணப்பம் எழுதப்பட்டு விட்டது. பொட்டல் நிலம் பற்றிய கோரிக்கை தனியே காணி அமைச்சுக்கும், 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த புதிய கிராமங்கள் அதிகார சபைக்கும் போகின்றது. தங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றும் இடம், அங்குள்ள தப்புக்காரர் தொகை, அனுமதி மறுக்கப்பட்ட ஆண்டு இவற்றை வாசகர்கள் எமது காரியாலயத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்; அக்கணக்கு இல்லாமல் எந்த அதிகாரியும் எம்மை ஏறெடுத்துப் பாரார். கலைஞர்களின் பெயர் வேண்டாம். அவர்களாகவே தர விரும்பினால் தரட்டும். தை மாத முடிவுக்குள் சபையின் விடை கிட்டாவிடின், விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியைச் சபையின் வாயிலுக்கு நேரில் எடுத்துச் செல்வோம். அன்று தப்புக்காரர் முன்னே நடப்பர். உள்ளே முதல் வரிசையில் அமர்வர். அவர்களுடைய அன்றைய பேருக்குரிய பணத்தைப் புறப்படுமுன்னே சங்கத்தின் நிதியிலிருந்து எண்ணிக் கொடுப்போம்.